வேதியியல் படிக்கலாமா? விழுப்புரம், திண்டிவனம் பெற்றோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில் விழுப்புரம் மாவட்டத்து வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். பொறியியலுக்குப் பணம் இல்லை, மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண் இல்லை, பி.எஸ்சி. வேதியியல் கிடைக்கும் போலிருக்கிறது, சேர்த்துவிடலாமா? வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை என்றால், கேட்டுத் தெளிய அருகில் ஆளும் இருப்பதில்லை. கடைசியில் விண்ணப்பம் போட்டுத் தருகிற கணினி மையத்தில் சொல்வதுதான் முடிவாகிறது. மூன்று ஆண்டுப் படிப்பை அப்படி முடிவு செய்யக் கூடாது. பெற்றோரும் மாணவரும் மறுபடி மறுபடி கேட்கும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

விழுப்புரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்ததே, அது என்ன ஆயிற்று? பிள்ளையின் பட்டத்தில் யார் பெயர் இருக்கும்?

இந்தக் குழப்பம் நியாயமானது. ஒரே கல்லூரியில் ஒரே பாடம் படித்த அப்பா, அக்கா, தம்பி மூவரிடமும் மூன்று வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் பட்டம் இருக்கக்கூடிய மாவட்டம் இது. விழுப்புரத்தின் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனத்தின் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் அறுபதுகளின் இறுதியில் தொடங்கப்பட்டவை. அப்போது அவை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2002ல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானதும் வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன.

2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகளுக்காகத் திட்டமிட்ட சிறிய பல்கலைக்கழகம் அது. சில மாதங்களில் ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பதற்கான சட்ட முன்வடிவு சட்டப்பேரவையில் நிறைவேறியது. 1929ல் சிதம்பரத்தில் தொடங்கி, 2013ல் அரசின் நிர்வாகத்துக்கு வந்த அண்ணாமலை, இந்த இணைப்புக்குப் பிறகே கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமாயிற்று. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகள் இப்போது அதன் கீழ் இருக்கின்றன. இன்று விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சேருகிற மாணவருக்குப் பட்டம் தருவது அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான்.

பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒரு மதிப்பெண் பட்டியலில் எழுத்துப்பிழை திருத்த, கூலி வேலைக்குப் போகிற அப்பா ஒரு நாள் சம்பளத்தை விட்டு வெளிமாவட்டம் போக வேண்டியிருக்கிறது. இந்த மாவட்டத்துக்குள் எல்லா வேலையும் முடியும் ஒரு பல்கலைக்கழக அலுவலகம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது அரசியலைத் தாண்டிய விஷயம்.

அண்ணாமலை என்றால் தபால் வழிப் படிப்புதானே, வேலைக்குச் செல்லுமா?

தொலைதூரக் கல்வியால் அந்தப் பெயர் தமிழகம் முழுக்கப் பரவியதால் வருகிற சந்தேகம் இது. இணைவுக் கல்லூரியில் தினமும் வகுப்புக்குப் போய்ப் படிப்பது முழுநேரப் படிப்பு. கல்லூரி தருகிற மாற்றுச் சான்றிதழில் கல்லூரியின் பெயரும் படித்த காலமும் இருக்கும். பட்டச் சான்றிதழோடு அதையும் ஒரு நகலாவது பத்திரமாக வைத்திருங்கள். பழைய பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து அரியர் பாக்கி வைத்திருப்பவர்கள், எந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவு எண் கையில் இருக்கிறதோ அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? எப்படிச் சேர்ப்பார்கள்?

அரசுக் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற பொது இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பதிவுக் கட்டணம் மட்டும். வேதியியலுக்குத் தரவரிசை போடும்போது தமிழ், ஆங்கில மதிப்பெண்ணைச் சேர்ப்பதில்லை. மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்தான் கணக்கு. தமிழில் 95 எடுத்ததை நம்பிக் காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 69 சதவீத இட ஒதுக்கீடு இங்கும் உண்டு. கட் ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன வருடம் கிடைத்த மதிப்பெண்ணை அளவாகக் கொள்ளாதீர்கள். ஒரே கல்லூரியை மட்டும் போடாமல் விழுப்புரம், திண்டிவனம், வானூர், கடலூர் என்று பக்கத்துக் கல்லூரிகளையும் சேர்த்துப் போடுங்கள். முதல் கலந்தாய்வில் கிடைக்காவிட்டாலும் அடுத்தடுத்த கட்டங்களில் இடம் காலியாவது வழக்கம்.

செலவு?

அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வக வெள்ளை கோட், ரெக்கார்டு நோட்டு, பயணச் செலவு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்வார்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட், பட்டப்படிப்பு முடியும்வரை மாணவிகளுக்கு இலவசம். இந்தச் சலுகை பலருக்குத் தெரிவதே இல்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 40 கிலோமீட்டர் அளவுதான் தூரம். தினமும் ரயிலில் போய் வருகிற பெண்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை. வேதியியல் படிக்க முடியுமா?

சேர முடியும், படித்துத் தேறவும் முடியும். ஆனால் கணக்கை அறவே மறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேதியியலில் கனிமம், கரிமம், இயற்பியல் வேதியியல் என்று மூன்று கிளைகள். பயாலஜி பிரிவிலிருந்து வருகிறவர்கள் கரிம வேதியியலில் ஈடுபாட்டோடு நுழைந்து, இயற்பியல் வேதியியலில் தடுமாறுவது வழக்கம். வெப்ப இயக்கவியல், வினைவேகவியல், குவாண்டம் வேதியியல் மூன்றிலும் வகையிடலும் தொகையிடலும் வரும். மடக்கை தெரியாமல் பி.எச். கணக்கே போட முடியாது. முதல் ஆண்டிலேயே பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து, மடக்கை, வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் ஆகிய மூன்று பாடங்களைப் போட்டுப் பார்த்துவிட்டால் போதும், பின்னால் வரும் பயம் பெரும்பாலும் விலகிவிடும். துணைப்பாடமாகக் கணக்கு கிடைக்கிற கல்லூரி என்றால் தயங்காமல் எடுங்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளை தடுமாறாதா?

முதல் செமஸ்டரில் தடுமாறும். பள்ளியில் அமிலம், காரம், ஆக்சிஜனேற்றம் என்று படித்தவருக்கு ஆசிட், பேஸ், ஆக்சிடேஷன் புதிதாகத் தெரியலாம். பின்னால் இருக்கிற கருத்து அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். இரண்டு பத்தி போட்டு, ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் ஆங்கிலச் சொல் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால் ஓராண்டில் பழகிவிடும். தேர்வைத் தமிழில் எழுத வழி உள்ள கல்லூரிகள் உண்டு. மேற்படிப்புக்கான ஜாம் தேர்வின் கேள்விகளோ ஆங்கிலத்தில் மட்டுமே வரும். எம்.எஸ்சி. எண்ணம் இருக்கிற மாணவர் விடையைத் தமிழில் எழுதினாலும் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசிக்கப் பழக வேண்டும்.

மூன்று வருடம் ஆய்வகத்தில் அப்படி என்னதான் செய்வார்கள்?

இந்தப் படிப்பின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பாடப் புத்தகத்தை வீட்டில் உட்கார்ந்தும் படித்துவிடலாம். ஆய்வகத்துக்கு மாற்று கிடையாது.

முதலில் டைட்ரேஷன். பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து, பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்துவது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் ஆக்சாலிக் அமிலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சாலிக் அமிலக் கரைசலில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். ஆறினால் வினை மந்தமாகி, முடிவுப்புள்ளி வருமுன்பே வந்தது போலத் தோன்றும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டால் பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரைடோடு வினைபுரிந்து கணக்கே தப்பாகிவிடும். வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுதான் எண்ட் பாயிண்ட். ஒரு துளி கூடினாலும் அடுத்த ரீடிங் ஒத்துவராது. இரண்டு ரீடிங் ஒத்து வருவதைத்தான் கன்கரண்ட் வேல்யூ என்கிறார்கள். அது வருகிறவரை கை நடுங்குவதும், வந்ததும் முகம் மலர்வதும் எல்லா ஆய்வகங்களிலும் பார்க்கக்கூடிய காட்சி.

அடுத்தது சால்ட் அனாலிசிஸ். கொடுத்த உப்புக் கலவையில் எந்த அமில உறுப்புகள், எந்தக் கார உறுப்புகள் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பாஸ்பேட், ஆக்சலேட், போரேட், ஃபுளோரைடு இருந்தால் மூன்றாம் தொகுதிக்குப் போகுமுன் அவற்றை நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் கால்சியமும் பேரியமும் அங்கேயே வீழ்படிவாகி ஆளைக் குழப்பிவிடும். நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம், நிக்கலுக்கு டைமெத்தில் கிளையாக்சைம் சேர்த்ததும் வரும் சிவந்த வீழ்படிவு. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதி இதைக் கற்க முடியாது. ஒன்றைச் சந்தேகப்பட்டு, சோதித்து, ஒதுக்கி, அடுத்ததற்குப் போகும் ஒழுங்கைப் பதினெட்டு வயதில் கைக்குப் பழக்குகிற படிப்பு வேறு அதிகம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ கொண்டு அளக்கிற சோதனையும் உண்டு. பி.எச். 10ல் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும். இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்குக் குழாய்த் தண்ணீரை எடுப்பதோடு நிற்காமல், வானூர், மரக்காணம், செஞ்சி, விக்கிரவாண்டி என்று மாணவர்களின் ஊர் போர் தண்ணீரையும் ஒவ்வொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால், அந்த வகுப்பு ஒரு மாவட்ட நீர் வரைபடத்தையே உருவாக்கிவிடும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இதை இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு வேதியியல் துறையும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கெமிக்கல் உடம்புக்கு ஆகாதே, பெண் பிள்ளையை அனுப்பலாமா? பின்னால் குழந்தை பிறப்பில் கோளாறு வருமா?

தாய்மார்கள் தாழ்ந்த குரலில் கேட்கிற கேள்வி. இளநிலை ஆய்வகத்தில் கையாளுகிற பொருட்கள், கையாளுகிற அளவு, வாரத்துக்குச் சில மணி நேரம் என்ற கணக்கு எல்லாவற்றையும் பார்த்தால், விதிப்படி வேலை செய்கிற ஒரு மாணவிக்கு இப்படி அஞ்சக் காரணம் இல்லை. இருக்கிற ஆபத்துகள் வேறு. அவை ஆண், பெண் இருவருக்கும் பொது. அடர் அமிலம் கண்ணில் தெறிப்பது, வாயால் பிப்பெட் உறிஞ்சி கரைசலை விழுங்குவது, துப்பட்டா நுனியோ பின்னாத கூந்தலோ பர்னரில் படுவது, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை மூடிய அறையில் சுவாசிப்பது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற அந்த வாயு, அடர்த்தி கூடினால் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. கண்ணாடி, கோட், பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு, வேலை செய்கிற புகைபோக்கி அறை, ஓடுகிற குழாய் இவை இருந்தால் இந்த ஆபத்துகள் பெருமளவு குறைந்துவிடும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதை முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

கருவுற்றிருக்கும் நிலையில் ஆய்வகத்துக்குப் போகிற மாணவி மட்டும் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, பென்சீன் போன்ற கரைப்பான்களிலிருந்து விலகியிருக்க வேண்டும். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உள்ளவர்களுக்குச் சுடர்ச் சோதனையும் நிறமாற்றமும் சிரமம் தரும். சேர்வதற்கு முன்பே கண் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

அரியர் விழுந்தால் ஒரு வருடம் போய்விடுமா?

போகாது. வருகைப்பதிவு 75 சதவீதம் இருந்தால் அரியரோடும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். பொதுவாக இன்டர்னலுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, தேர்ச்சிக்கு 40. அரியர்கள் ஆறாவது செமஸ்டரில் ஒன்றுகூடிக் கழுத்தை நெரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எம்.எஸ்சி. சேர்க்கையின்போது ஒரு தாள் பாக்கி என்றாலும் ஓர் ஆண்டு வீணாகும்.

படித்து முடித்தால் இங்கே வேலை என்ன இருக்கிறது?

பி.எஸ்சி. பட்டத்தோடு நேராகக் கிடைப்பது தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வக வேலையும் உற்பத்திப் பிரிவு வேலையும். முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புச் சாற்றின் பிரிக்ஸ், போல், தூய்மை மூன்றையும் அளக்கும் ஆய்வகம் இல்லாமல் சர்க்கரை ஆலை ஓடாது. பால் பண்ணைகளில் கொழுப்பும் இதரச் சத்தும் பார்க்க ஆள் வேண்டும். கடலூர் சிப்காட்டின் ரசாயனத் தொழிற்சாலைகள், புதுச்சேரியிலும் சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரிலும் உள்ள மருந்து ஆலைகள், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகள் எல்லாம் விடுதியில் தங்கிப் போகக்கூடிய தூரத்தில் உள்ளன.

மருந்து ஆலை பற்றி ஒரு தகவல் பரவலாகத் தெரியாது. மருந்து உற்பத்தியை மேற்பார்வையிடும் தகுதியுள்ள தொழில்நுட்பர் என்று மருந்து விதிகள் ஒப்புக்கொள்கிறவர்களில் பார்மசி பட்டதாரிகளோடு வேதியியல் பட்டதாரியும் உண்டு. பட்டத்துக்குப் பின் மருந்து உற்பத்தியில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். எனவே முதல் மூன்று ஆண்டுகளில் சம்பளத்தை மட்டும் பார்த்து கம்பெனி மாறிக்கொண்டே இருக்காமல், எந்தப் பிரிவில் அனுபவம் சேர்கிறது என்று பாருங்கள். தொடக்கச் சம்பளம் குறைவுதான், ஷிப்ட் வேலையும் உண்டு. சேர்க்கும்போதே இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு பி.எஸ்சி. வேதியியல் போதாது, எம்.எஸ்சி. வேண்டும். மருந்து ஆய்வாளர் பணிக்கு வேதியியல் பட்டத்தோடு போக முடியாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். அதற்காக மட்டுமே வேதியியலில் சேருவதென்றால், ஆய்வகத்தில் கழியும் மதியங்களைக் கணக்கிட்டுவிட்டுச் சேருங்கள்.

ஆசிரியராக வேண்டுமானால்?

பி.எஸ்சி. முடித்து இரண்டாண்டு பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். இது பட்டதாரி ஆசிரியர் பணிக்கான வழி. பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் முதுநிலை ஆசிரியராக எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. வேதியியல், பயோ கெமிஸ்ட்ரி, இன்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி, அப்ளைடு கெமிஸ்ட்ரி எல்லாம் ஒன்றுதான் என்று சேர்க்கையின்போது சொல்வார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் நிராகரிப்புதான். ஆசிரியர் பணி குறி என்றால் தூய வேதியியலே பாதுகாப்பு.

சிறிய ஊரில் படித்துவிட்டு ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் நடக்கிற காரியமா?

நடக்கும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வுக்கு 60 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். எந்தக் கல்லூரியில் படித்தார் என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் திண்டிவனத்திலிருந்து ஒரு பஸ் தூரம். அங்கே முதுநிலைக்கு கியூட் தேர்வு எழுத வேண்டும். இந்த இரண்டு பெயர்களையும் மூன்றாம் ஆண்டின் கடைசியில் கேள்விப்படுகிறவர்கள்தான் இங்கே அதிகம், அதற்குள் விண்ணப்பத் தேதி கடந்திருக்கும். ஜாம் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் வாக்கில், அதாவது ஐந்தாம் செமஸ்டரிலேயே முடிந்துவிடும். தயாரிப்பு இரண்டாம் ஆண்டில் தொடங்க வேண்டும். பயிற்சி மையத்துக்குப் பணம் இல்லாதவர்கள், ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் நாட்டின் ஏதாவதொரு ஆய்வகத்தில் விஞ்ஞானி ஒருவரோடு வேலை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற தேசிய ஆய்வகங்களும் நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன.

சேர்க்கும் முன் கல்லூரிக்குப் போனால் எதைப் பார்ப்பது?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வேதியியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு பியூரெட்டா, நான்கு பேருக்கு ஒன்றா? எடைபார்க்கும் டிஜிட்டல் தராசு எத்தனை, அதில் எத்தனை வேலை செய்கிறது? காய்ச்சி வடித்த நீர் அங்கேயே தயாராகிறதா? புகைபோக்கி அறையின் விசிறி ஓடுகிறதா? கண் கழுவும் குழாயும் முதலுதவிப் பெட்டியும் எங்கே? துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல், அதைத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் அடைத்துவிடுகிறார்களா, ஆண்டு முழுக்க நடத்துகிறார்களா? கடைசிக் கேள்வியை ஆசிரியரிடம் கேட்டதோடு, மரத்தடியில் நிற்கிற இரண்டாம் ஆண்டு மாணவரிடமும் தனியாகக் கேளுங்கள்.